கிளட்ச் கேபிள் ஏன் சுட்டது?

செக்கானூரணி டீக்கடை வாசலில் காலை ஆறேகால் மணிக்கு என் கார் ‘டக்டக்டக்டக்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது, பின்சீட்டில் சீர்த்தட்டு, தேங்காய் பழம், மாலை, புதுப் பட்டுப் பாவாடை, ஒரு ஜோடித் தோடு எல்லாம் இருந்தன. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், அவர்கள் குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் நான், வீட்டில் ஒரே பையன் என்பதால் மாற்று ஆளும் கிடையாது. நல்ல நேரம் ஏழரை வரைக்கும்தான். காரில் புது பேட்டரி போட்டு நாலே நாள் ஆகியிருந்தது.

டீ குடிக்க இறங்கியது என் தப்பு. மதுரை பசுமலையில் கிளம்பும்போது ஒரே சாவியில் எடுத்த வண்டி. “இப்பத்தேன கிளம்புனோம், அதுக்குள்ள என்ன டீ” என்று வீட்டுக்காரம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சாவியைத் திருகினால் டக்டக்டக்டக். விட்டுவிட்டுத் திருகினாலும் அதேதான். டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. போனில் தங்கச்சி. “அண்ணே, எங்க இருக்க? ஆசாரி வந்து உக்காந்துட்டாரு.” வந்துட்டே இருக்கேன்மா என்று பொய் சொன்னேன். பக்கத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த லோடு வண்டித் தம்பி இறங்கி வந்து, “ஜம்பர் கேபிள் கெடக்குண்ணே, குடுத்துப் பாப்பம்” என்றான். சிவப்பை பிளஸ்ஸில், கருப்பை மைனஸில் கவ்வவிட்டு அவன் வண்டியை முறுக்கிப் பிடிக்க, நான் சாவியைத் திருக, மறுபடியும் அதே டக்டக். “ரெண்டு பேட்டரி குடுத்தும் எடுக்கலன்னா ஸ்டார்ட்டர்தாண்ணே போச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்போது வீட்டுக்காரம்மா காருக்குள்ளிருந்து, “ஏங்க, என்னமோ கருகுற வாடை அடிக்குதுங்க” என்றாள். பானட்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ரப்பர் காய்ந்த மாதிரி ஒரு வாடை. கியர்பாக்ஸ் பக்கம் போகும் கிளட்ச் கேபிளின் கருப்பு உறையில் கை பட்டது, சுள்ளென்று சுட்டது. ஓடி வந்த இன்ஜின்தானே, சுடத்தான் செய்யும் என்று கையை உதறிவிட்டு அந்த விஷயத்தை அத்தோடு மறந்தேன். பதில் கையிலேயே பட்டது, பார்க்கத் தெரியவில்லை.

டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து தள்ளினார்கள். சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்சை மிதித்துக்கொண்டு வண்டி ஓட்டம் பிடித்ததும் பட்டென்று விட வேண்டும். ஒரு குலுக்கு, கிளம்பிவிட்டது. ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் கோயிலில் இருந்தேன். வண்டியை அணைக்கத் தைரியமில்லை. மச்சான் தம்பியை டிரைவர் சீட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சம்மணம் போட்டேன். பிள்ளை ஒரு பக்கம் அலற, வேப்பமரத்தடியில் என் கார் ஒரு பக்கம் உறுமிக்கொண்டே நின்றது. கிடா விருந்து முடியும் வரைக்கும் அணைக்கவில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் என் வாழ்க்கையிலேயே காஸ்ட்லியான மொய் அதுதான்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தின வாரம் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை டக்டக் என்றது. டக்டக் என்றால் பேட்டரி டவுன், இது ஊரறிந்த விஷயம், எதிர்வீட்டு மாமா சொன்னார், ஆபீசில் சொன்னார்கள், வீடியோவில் சொன்னார்கள். பழைய பேட்டரிக்கு மூன்று வயதும் ஆகியிருந்தது. கடைக்குப் போய், “பேட்டரி மாத்தணும்” என்றேன். மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் கேட்டதைக் கொடுத்தார்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொண்டு நாலாயிரத்துச் சொச்சம். மாற்றிய அன்று பொசுக்கென்று எடுத்தது, அதனால் நோயும் அதுதான் மருந்தும் அதுதான் என்று நம்பிவிட்டேன். டெர்மினலைக் கழற்றி மாட்டும்போது வயர் அசைந்து கொடுத்ததால்கூட எடுத்திருக்கலாம் என்ற யோசனை அப்போது வரவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று அந்தச் சத்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாவியைக் கடைசி வரை திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சொலனாய்டுக்குக் கரண்டு போகிறது. அது ஒரு காந்தம். அது இழுத்து, ஒரு சின்னப் பல் சக்கரத்தை இன்ஜினின் பெரிய சக்கரத்தோடு கோத்துவிடுகிறது, அதே இழுப்பில் இரண்டு செம்புத் துண்டுகளை ஒட்டவைக்கிறது. அவை ஒட்டினால்தான் பேட்டரியின் முழுக் கரண்டும் மோட்டாருக்குப் பாயும், சின்ன காருக்கே நூறு, நூற்றைம்பது ஆம்பியர் சாதாரணம். பேட்டரி சோர்ந்திருந்தால், செம்பு ஒட்டிய அந்த நொடியில் வோல்டேஜ் தொபீரென்று விழும், காந்தத்துக்குப் பிடிமானம் போய் விட்டுவிடும், விட்டதும் சுமை போய் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இதுதான் அந்தப் பல்கடி. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அமைதியானால் கதை வேறு, சொலனாய்டு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தச் செம்பு தேய்ந்திருக்கலாம், உள்ளே கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் சொலனாய்டு வரைக்கும் கரண்டு வரவில்லை, சாவி சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ், சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் எடுக்கும்படி வைத்திருக்கும் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் ‘பி’யில் சரியாக உட்காராதது என்று தேட வேண்டும்.

நான் கோட்டை விட்ட இடம் இதுதான்: டக்டக் என்ற சத்தம் ‘ஸ்டார்ட்டருக்குப் போதுமான வோல்டேஜ் கிடைக்கவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது. பேட்டரியில் இல்லை என்று அது சொல்லவே இல்லை. பேட்டரியில் நிறைய இருந்து வழியில் எங்கேயாவது சிந்தினாலும் அதே சத்தம்தான். வைகை அணையில் தண்ணீர் இருப்பதற்கும் மேலூர் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்கும் நடுவில் எவ்வளவு கதை இருக்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காதுகுத்துக்கு மறுநாள் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் ஒரு டெஸ்ட் லைட்டு, கையில் வயர் நைந்துபோன ஒரு மல்டிமீட்டர். நான் முந்திக்கொண்டு, “ஸ்டார்ட்டரை இறக்கணுமாண்ணே?” என்றேன். “அதுக்குள்ள எறக்கி என்ன செய்யப்போறீங்க” என்று சொல்லிவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். காருக்கு எதிரே காம்பவுண்டுச் சுவர், வெளிச்சம் சுவரில் விழுந்தது. “இப்ப செல்ஃப் அடிங்க.” அடித்தேன். டக்டக்டக். அவர் காரைப் பார்க்கவே இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் லேசாக நடுங்கியது, மங்கவில்லை.

“பேட்டரி டவுனா இருந்தா லைட்டு அப்படியே செத்துப்போகும். இதுல லைட்டு நிக்குது. பேட்டரில தெம்பு இருக்கு, அது ஸ்டார்ட்டருக்குப் போகல. போகலையா, போயிட்டுத் திரும்பி வரலையான்னுதான் பாக்கணும்” என்றார். திரும்பி வருவது என்று ஒன்று இருப்பதே அதுவரை என் புத்தியில் உறைத்ததில்லை. செக்கானூரணியில் விடிந்தும் விடியாத நேரம், ஹெட்லைட்டைப் போட்டு டீக்கடைச் சுவரைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் கேட்டார், “வேற எதுவும் வித்தியாசமா பாத்தீங்களா? வாடை, சூடு?” நான் கருகின வாடையைச் சொன்னேன், கிளட்ச் கேபிள் சுட்டதையும் சும்மா ஒப்புக்குச் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். “அதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் மீட்டரே எடுத்திருக்க மாட்டேன். எர்த்து போச்சுங்க.”

விஷயம் இவ்வளவுதான். பேட்டரியின் மைனஸிலிருந்து என் காரில் இரண்டு வயர் கிளம்புகிறது. சின்னது பக்கத்திலேயே பாடியில் முடிகிறது, ஹெட்லைட், ஹாரன், டேஷ்போர்டு எல்லாம் அந்த வழியில் திரும்புகின்றன. தடித்தது கீழே போய் கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டில் முடிகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், ஸ்டார்ட்டரின் அவ்வளவு கரண்டும் பேட்டரிக்குத் திரும்ப அந்த ஒரு தடித்த வயரை நம்பித்தான் இருக்கிறது. அது அரித்துப்போனால் கரண்டு சும்மா இருக்காது, கிடைத்த சந்தில் நுழையும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் இரும்பு வேறு என்ன இருக்கிறது? கிளட்ச் கேபிளுக்குள் ஓடும் கம்பி. ஸ்டார்ட்டர் கரண்டைச் சுமக்கச் செய்த கம்பியா அது? ஹீட்டர் சுருள் மாதிரி காய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிளும் இப்படிக் கருகுவதுண்டு என்று அவர் சொன்னார்.

ஆனாலும் வாய்வார்த்தையோடு விடவில்லை, அளந்தே காட்டினார், அதுதான் எனக்குப் பிடித்தது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து முதலில் பேட்டரி மேல்: 12.5. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் 12.6 பக்கம் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. பிறகு என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தார்: 12.1. நான் பெருமையாக, “புது பேட்டரிண்ணே, எறங்கவே மாட்டேங்குது” என்றேன். “எறங்கணும்ங்க. மோட்டாரு கரண்டு இழுத்தா எறங்கியே ஆகணும். எறங்கலைன்னா அவன் இழுக்கவே இல்லைன்னு அர்த்தம்” என்றார். எனக்கு இது தலைகீழ்ப் பாடமாக இருந்தது.

அடுத்து மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரி மைனஸ் தூணிலும் இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்தார். இரண்டும் மைனஸ்தான், நடுவில் வெறும் வயர், அதனால் செல்ஃப் அடிக்கும்போதுகூட 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. நான் சாவியைத் திருகினேன். எண்கள் குதித்தன, 6, 7, 8 என்று. பேட்டரி கொடுத்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு முழ வயரிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதே மாதிரி பிளஸ் பக்கம், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட் வரை: அங்கே ஒன்றும் இல்லை, சுத்தம்.

மீட்டரை ஓமில் வைத்து வயரின் தடையை அளந்தால் போதாதா என்று கேட்டேன், பாலிடெக்னிக்கில் படித்த திமிர். போதாது. 0.05 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண மீட்டரின் குச்சி வயர்களே அதைவிட அதிகம் காட்டும், வயர் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். அதே 0.05 ஓமில் 150 ஆம்பியர் பாயப் பார்த்தால் ஏழரை வோல்ட் போய்விடும். பத்து ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட்தான் போகும். தள்ளினால் மட்டும் ஏன் எடுத்தது என்பதற்கும் இதுவே பதில்: பிளக், காயில், பெட்ரோல் பம்பு எல்லாம் சேர்ந்து கேட்பது சில ஆம்பியர், அதற்கு அந்த அரைகுறை வழி போதும். ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் (நம்ம ஊரில் டயனமோ) கரண்டும் இதே வயர் வழியாகத்தான் பேட்டரிக்கு வர வேண்டும், அதனால் சார்ஜும் அரைகுறையாகத்தான் ஏறியிருக்கும். நான் எக்ஸ்சேஞ்சில் தூக்கிப் போட்ட பேட்டரி பாவம், பட்டினி கிடந்ததோ என்னவோ.

கடைசியாக ஒரு வித்தை காட்டினார். ஜம்பர் கேபிளின் கருப்பு வயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறு முனையை இன்ஜினில் ஒரு தடித்த இரும்புக் கொக்கியில் கவ்வவிட்டார். “இப்ப அடிங்க.” ஒரே சுற்று. எடுத்தது.

இதில் எனக்கு இன்னொரு குத்து இருந்தது. ஜம்ப் கொடுக்கும் முறை என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கும்: சிவப்பு இரண்டும் பிளஸ்ஸில், கருப்பில் ஒரு முனை உதவிக்கு வந்த வண்டியின் மைனஸில், கடைசிக் கருப்பை நின்றுபோன வண்டியின் பேட்டரியில் வைக்காமல், தள்ளி இன்ஜின் இரும்பில் வைக்க வேண்டும். பேட்டரி மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கலாம், கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அங்கே வேண்டாம் என்பதற்காக. நாங்கள் அதைப் படிக்காமல் வசதியாகப் பேட்டரியிலேயே கவ்வவிட்டோம். புத்தகத்தில் உள்ளபடி செய்திருந்தால், பாதுகாப்புக்காகச் சொன்ன அந்த ஒரு மாற்றமே கெட்டுப்போன எர்த்து வயரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும், செக்கானூரணியில் வண்டி அந்த நிமிடமே எடுத்திருக்கும்.

வயரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கருப்பு உறை முழுசாக இருந்தது. கீழ் முனையில், போல்ட்டில் மாட்டும் வளையமான லக்குக்குப் பக்கத்தில் மடக்கினால் மொறுமொறு என்றது. பிளேடால் கீறினார், உள்ளிருந்து பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கொட்டியது, பாசி பிடித்த ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி. செம்பு இழைகளில் முழுசாக இருந்தவை ஆறேழு. “தண்ணிக்குள்ள விட்டீங்களா?” என்றார். விட்டேன். போன ஐப்பசி மழையில், மணிநகரம் கர்டர் பாலத்தடியில் பம்பர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றபோது, முன்னால் ஒரு ஆட்டோ போகிறானே என்று நானும் விட்டேன். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, லக்கின் வாய்க்குள் ஈரம் ஏற அதுவும் ஒரு காரணம், அவ்வளவுதான்.

புது வயர் இருநூற்றைம்பது ரூபாய். கியர்பாக்ஸ் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகப் பளபளக்கும் வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பிறகு பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஜின் எடுத்துவிடாமல் வெறுமனே சுற்றும்படி செல்ஃப் அடிக்கச் சொல்லி மறுபடி அளந்தார். மைனஸ் தூணுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் 0.15. பேட்டரி மேல் 10.7. சோதனையிலேயே தேறாமல் இருந்தபோது 12.1 காட்டிய பேட்டரி, சரியானதும் 10.7 காட்டுகிறது. இது 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

ஃப்யூஸை உருவியதைப் பார்த்ததும் அந்த இன்னொரு ஜாதி நோயும் ஞாபகம் வந்தது: ஜம்மென்று சுற்றும், ஆனால் எடுக்காது. இதில் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் விட்டுவிடலாம். சாவியை ஆன் மட்டும் செய்துவிட்டுக் காதைத் தீட்டினால் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு வினாடி ‘ம்ம்’ என்று பெட்ரோல் பம்பு பாட வேண்டும், பாடவில்லையா, முதலில் ஃப்யூஸ், ரிலே. பம்பு பாடியும், சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம்கூட அசையாமல் செத்துக் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம், அது சூட்டில் மக்கர் செய்துவிட்டு ஆறினதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வேலை செய்யும், சித்திரை வெயிலில் இதுபோல நின்ற வண்டிகளை ரோட்டோரம் நிறையப் பார்க்கலாம். சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் வண்டிக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு இது எதுவுமே இல்லை, எலி. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் இன்ஜின் மேல் பாதி கடித்த தேங்காய்ச் சில்லும் நாலு வயர் துண்டும் கிடந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் பனியில் உறைந்த பேட்டரியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக வருகிறது. மதுரைக்கு அது ஆகாது. இங்கே பேட்டரியைக் கொல்வது சூடு. நாற்பது டிகிரி வெயிலில் பானட்டுக்குள் அது வேகிறது, உள்ளே தகடு அரிக்கிறது, தண்ணீர் ஊற்றும் வகை என்றால் தண்ணீர் வற்றுகிறது. அக்னி நட்சத்திரத்தில் பட்ட அடியை அது கொஞ்சம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் காட்டும், நாம் மழையைத் திட்டுவோம். அதனால் உங்கள் வண்டி டக்டக் என்றால் பெரும்பாலும் பேட்டரியாகவே இருக்கலாம். டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, கொஞ்சம் வேசலின் தடவி முறுக்கினாலேயே சில வண்டிகள் எடுத்துவிடும். நான் சொல்வதெல்லாம், நாலாயிரம் ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஹெட்லைட்டைப் போட்டு எதிர்ச் சுவரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதற்குக் காசு இல்லை.

ஒரு மாதம் கழித்து கிளட்ச் மிதிப்பது கல்லாகிவிட்டது. கேபிளை மாற்றினோம். வெளியே உருவினால் உள்உறை நெடுக உருகி, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது.

காதுகுத்து போட்டோ ஆல்பம் போன வாரம் வந்தது. என் மடியில் பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது, பின்னால் வேப்பமரத்தடியில் காரின் மூக்கு தெரிகிறது. பிள்ளையின் ரோஸ் கலர் பட்டுப் பாவாடையில், இடுப்புக்குக் கீழே, என் அஞ்சு விரலும் கருப்பாகப் பதிந்திருக்கிறது. செக்கானூரணியில் பானட்டுக்குள் துழாவிய கை, கழுவ எங்கே நேரம். தங்கச்சி இன்னும் அதைத்தான் சொல்லிக்காட்டுகிறாள். ரெண்டு தடவை டிரைவாஷுக்குக் கொடுத்தும் போகவில்லையாம்.